பின்னட்டையில் எஞ்சியுள்ள நிழல்கள்

அனுப்புநர்:
ஹா. ராஜா முகமது, பி.ஏ., பி.எல்.,
வழக்கறிஞர் மற்றும் நோட்டரி,
காங்கயம் சாலை, திருப்பூர்.

பெறுநர்:
மாவட்டப் பதிவாளர் அவர்கள்,
சங்கங்கள் பதிவுப் பிரிவு,
திருப்பூர்.

பொருள்: கொங்கு பழந்திரைப்பட ரசிகர் சங்கம் வெளியிடவுள்ள ‘ஆறு மணிச் சங்கு’ ப்ளூ-ரே வட்டின் பின்னட்டைப் படத்திலிருந்து ஆறு பெண்கள் நீக்கப்பட்டது – சங்கத்தின் நோக்கத்துக்கு முரணானது – விளக்கம் கோரி நடவடிக்கை எடுக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மனுதாரராகிய நான் மேற்கண்ட முகவரியில் வசிப்பவன், வயது அறுபத்திரண்டு. சங்கத்தின் தொடக்க கால உறுப்பினன். அதன் விதிமுறைகளை எழுதிக் கொடுத்தவனும் நானே. என் மனைவி ஷமீமா நான்கு ஆண்டுகளுக்கு முன் காலமானார். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. இம்மனுவில் குறிப்பிடப்படும் எவரும் எனக்குப் பகைவர் அல்லர். நீதிமன்றம் நீங்கலாக நான் வழக்கமாகச் செல்லும் இடம் அவர்கள் கூடும் இடம் ஒன்றுதான் என்பதைத் தொடக்கத்திலேயே பதிவு செய்கிறேன்.

2. சங்கம் ஞாயிறு மாலைகளில், தலைவர் திரு. சதீஷ்குமார் முதலிபாளையத்தில் நடத்தும், துணிகளுக்குப் பட்டன் துளையிட்டுப் பட்டன் தைக்கும் காஜா பட்டன் யூனிட்டில் கூடுகிறது. அங்கே திரையாகக் கட்டப்படுவது வெளுத்த பனியன் துணி. அது இழுபடும் தன்மையுடையதாதலால் நடிகர்களின் முகம் சற்று அகன்றே தெரியும். இது குறித்து எனக்குப் புகார் இல்லை.

3. ‘ஆறு மணிச் சங்கு’ 1989ஆம் ஆண்டு வெளிவந்த படம். இதன் சில காட்சிகள் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் வாசலில் எடுக்கப்பட்டன. சிதையாமல் எஞ்சியிருந்த ஒரே பிரதியை எங்கள் உறுப்பினர்கள் தேடிக் கண்டெடுத்ததால், வட்டின் அட்டையை வடிவமைக்கும் உரிமையைச் சென்னையிலுள்ள படத்தின் உரிமையாளர் எங்கள் சங்கத்துக்கே அளித்தார்.

4. பிரதியோடு ஒரு புகைப்படமும் கிடைத்தது. மாலை வெயிலில் கம்பெனி வாசல், முன்னால் கதாநாயகன், பின்னால் வேலை முடிந்து வெளியே வரும் ஆறு பெண்கள். அவர்கள் நடிகைகள் அல்லர். அந்தக் கம்பெனியின் செக்கிங் பிரிவில் துணியைச் சோதித்துவந்த தொழிலாளிகள். இடமிருந்து மூன்றாவதாக, சோறு கொண்டுபோகும் தூக்குப்போசியுடன் வருபவர் ஷமீமா. அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. அந்நாளில் நான் அவரை அறியேன். “சோந்து போயி வரச் சொன்னாங்க. ஹீரோ செருப்பு கழண்டு தடுமாறுனதப் பாத்து எங்களுக்குச் சிரிப்பு வந்துருச்சு. அதனால படத்துல நாங்க இல்ல, போட்டாவுலதான் இருக்கோம்” என்று அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தப் புகைப்படத்தை அவர் பார்த்ததில்லை. அவர் மறைந்த பிறகு, சங்கத்தின் மேசையில் வைத்து, நான் பார்த்தேன். அவருடைய வேறு படங்கள் என் வீட்டில் உள்ளன. அவை அனைத்திலும் அவர் புகைப்படக்காரரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். இதில் மட்டுமே யாருக்காகவும் நிற்காமல் சிரித்துக்கொண்டு நடந்து வருகிறார்.

5. முன்னட்டையில் கதாநாயகனின் முகத்தைப் பெரிதாக இடுவதா, இந்த வாசல் படத்தை இடுவதா என்று வாட்ஸ்அப் குழுவில் பல வாரங்கள் விவாதம் நடந்தது. “யாருங்க இந்தப் பொம்பளைங்க?” என்று ஒருவர் கேட்டிருந்தார். பதிலைத் தட்டச்சு செய்து, அனுப்பாமல் அழித்தேன். ஒரு தீர்மானத்தில் தனி நலன் உடைய உறுப்பினர் அதை எழுத்தில் தெரிவித்துவிட்டு விவாதத்திலும் வாக்கெடுப்பிலும் கலந்துகொள்ளாமல் வெளியேற வேண்டும் என்று சங்கத்தின் 14ஆம் விதி கூறுகிறது. அந்த விதியின் வாசகம் என்னுடையது. வாக்கெடுப்புக்காகக் கூடிய ஞாயிறன்று அவ்வாறே எழுதிக் கொடுத்தேன். “என்ன நலனுங்க சார்?” என்று செயலாளர் திருமதி சித்ரகலா கேட்டார். நலனின் தன்மையைச் சொல்ல விதி கட்டாயப்படுத்தவில்லை என்று பதிலளித்துவிட்டு, வெளியே வந்து என் வண்டியின் மேல் அமர்ந்தேன். சொல்லியிருந்தால் பலர் எனக்காக வாக்களித்திருப்பர். இரக்கத்தால் அந்தப் படம் முன்னட்டைக்கு வருவதை நான் விரும்பவில்லை.

6. ஜன்னல்கள் திறந்திருந்ததால் உள்ளே பேசியது என் காதில் விழுந்தது. “படத்துலயே இல்லாத சீனை அட்டையில போட்டா, வாங்கறவன் படம் பூராத் தேடிப்போட்டு நம்மளைத்தானுங்க திட்டுவான்” என்றார் உறுப்பினர் திரு. பூபாலன். அது நியாயமான வாதம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். “மூஞ்சிய மட்டும் பெருசாப் போட்டா பனியன் பெட்டியாட்டம் இருக்குமுங்க. கீழ எண்பது சென்டிமீட்டர்னு சைசையும் போட்டுருங்க, கடையில தொங்க உட்டரலாம்” என்றார் செயலாளர். சிரிப்பு எழுந்தது. வெளியே நானும் சிரித்தேன். வாக்குகள் சமமாகப் பிரிந்தன. “வக்கீல் சாரைக் கூப்புடுங்க, வெளியதான வண்டி மேல உக்காந்திருக்காரு” என்றார் தலைவர். அழைக்க வந்தவரிடம், விதி எனக்கும் பொருந்தும் என்று சொல்லி அனுப்பினேன். தலைவர் தம் தீர்வு வாக்கை முகத்துக்கு அளித்தார். வாசல் படத்தை மாற்றமின்றிப் பின்னட்டையில் இடுவதென்று, மனத்தாங்கல் வராமலிருக்க, ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. இத்தீர்மானங்களில் எதையும் நான் எதிர்க்கவில்லை.

7. சென்ற வாரம் அட்டையின் மாதிரி குழுவுக்கு வந்தது. பின்னட்டையில் கதாநாயகன் தனியாக நிற்கிறார். ஆறு பெண்களும் இல்லை. அவர்கள் இருந்த இடத்தில் புகை போன்ற ஒன்று வரையப்பட்டுள்ளது. ஆனால் அவர்களின் நிழல்கள் அப்படியே உள்ளன. மாலை நிழலாதலால் அவை நீண்டு கதாநாயகனின் கால்வரை வருகின்றன. மூன்றாவது நிழலின் கையில் தூக்குப்போசி தொங்குகிறது.

8. அட்டையை வடிவமைத்த திரு. பிரதீப் தீய எண்ணத்தோடு இதைச் செய்யவில்லை. அவர் தொழில்முறையில் பனியன் பெட்டிகளுக்குப் படம் அமைப்பவர். பெட்டியில் ஆள் மட்டுமே தெரிய வேண்டும் என்பது அத்தொழிலின் வழக்கம். எந்தப் படம் கைக்கு வந்தாலும் முதலில் பின்னணியை வெட்டிவிடுவார். அந்தப் படங்கள் ஸ்டுடியோவில், நான்கு பக்கமும் விளக்கு வைத்து எடுக்கப்படுவதால் அவற்றில் நிழல் விழாது. ஆகவே நிழலைக் கவனிக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. நான் தொலைபேசியில் முறையிட்டபோது வருத்தம் தெரிவித்து, “அட, ஆமாங்க சார், பாக்காம உட்டுட்டேன். நெழலையும் எடுத்துடறேனுங்க, அஞ்சு நிமிச வேல” என்றார். வேண்டாம் என்று சொல்வதற்குள் அழைப்பைத் துண்டித்துவிட்டார். மீண்டும் அழைத்து, இம்மனு முடிவாகும்வரை எதையும் தொடாதிருக்குமாறு கேட்டுக்கொண்டேன். காரணம் சொல்லவில்லை.

9. தலைவருக்கு எழுத்து மூலம் முறையிட்டேன். “பின்னட்டைய யாருங்க சார் பாக்கறாங்க? முன்னாடியே நீங்க உள்ள வந்திருந்தா ஓட்டே மாறியிருக்குமுங்களே” என்று குரல்பதிவில் பதில் வந்தது. இரண்டாம் வாக்கியத்தை ஒப்புக்கொள்கிறேன். முதல் வாக்கியத்துக்கு மறுமொழி உண்டு: பார்ப்பவர் ஒருவர் இருக்கிறார்.

10. புகைப்படத்தில் உள்ள மற்றவர்களில் இருவரைத் தேடிக் கண்டேன். திருமதி பத்ருன்னிசா இவ்வூரிலேயே இருக்கிறார். அவரிடமிருந்தே திருமதி கருத்தம்மாவின் முகவரி கிடைத்தது. தெற்கிலிருந்து வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர் அவர். மாதிரியை அவரிடம் காட்டியதும் இரண்டாவது நிழலில் விரலை வைத்து, “இது நாந்தேன். பக்கத்துல போசியோட வாறது ஷமீமா. ஆளுகள எங்கய்யா காணோம்?” என்றார். பிறகு, “நீங்க ஒத்தையிலயா இருக்கீக? சோறு யாரு பொங்குறா?” என்றும் கேட்டார். இக்கேள்வி மனுப்பொருளுக்குத் தொடர்பற்றது; சாட்சியின் கூற்றைப் பாதியில் வெட்டக் கூடாது என்பதால் குறிக்கிறேன். சோறு நானே சமைக்கிறேன். அதே தூக்குப்போசியில்தான் நீதிமன்றத்துக்கு எடுத்துச் செல்கிறேன்.

11. எனது சட்ட நிலைப்பாடு சுருக்கமானது. “திரைப்படங்களையும் அவை சார்ந்த பொருள்களையும் அவை உருவான வடிவிலேயே பாதுகாத்தல்” என்பது பதிவு செய்யப்பட்ட எங்கள் சங்கத்தின் முதல் நோக்கம். ஆட்களை நீக்குவது இந்நோக்கத்துக்கும், மாற்றமின்றி இடுவதென்ற தீர்மானத்துக்கும் முரணானது. இந்த முரண்பாடு, படத்தில் இருப்பவர் எனக்கு யாரென்பதைப் பொறுத்ததன்று. அட்டைப்படம் எப்படி இருக்க வேண்டும் என்று தாங்கள் உத்தரவிட இயலாது என்பதை அறிவேன். சங்கத்தின் நடவடிக்கை குறித்து விளக்கம் கோர, தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 தங்களுக்கு அதிகாரம் அளிக்கிறது; நான் நாடுவது அதை மட்டுமே. அட்டை டிசம்பர் 2ஆம் நாள் அச்சுக்குச் செல்லவுள்ளதால் அதற்கு முன் விளக்கம் கோருமாறு வேண்டுகிறேன்.

12. ஆகவே தாங்கள் கருணைகூர்ந்து,

(அ) சங்கத்திடம் விளக்கம் கோரி, தீர்மானத்தின்படி ஆறு பெண்களையும் பின்னட்டையில் மீண்டும் இடம்பெறச் செய்ய அறிவுறுத்துமாறும்; மூன்றாமவரை மட்டும் மீட்பது போதாது என்பதைக் கருத்தில் கொள்ளுமாறும்;

(ஆ) சங்கத்துக்கு அனுப்பும் நகலில் 4, 5, 10ஆம் பத்திகளை விலக்குமாறும்;

(இ) இவை இயலாத நிலையில், மாற்று வேண்டுகோளாக, குறைந்தபட்சம் நிழல்களையாவது நீக்காமல் இப்போது இருக்கிறபடியே விட்டுவைக்கச் சொல்லுமாறும்

பணிவுடன் வேண்டுகிறேன்.

மேலே கூறியவை யாவும் நான் அறிந்தவரை உண்மை.

இடம்: திருப்பூர்
நாள்: 18.11.2024

(ஒப்பம்)
ஹா. ராஜா முகமது
மனுதாரர்

சாட்சிகள்:

1. கருத்தம்மா (இடது பெருவிரல் ரேகை)
புகைப்படத்தில் இடமிருந்து இரண்டாவதாக வருபவர்

2. பத்ருன்னிசா (ஒப்பம்)
புகைப்படத்தில் இடமிருந்து நான்காவதாக வருபவர்