பச்சை வெளிச்சம் தேடும் பெட்டி

மச்சான்,

எங்கள் வீட்டுப் பிரிட்ஜுக்கு மேலே உன் பெட்டி இருக்கிறது. உன் தலைமாட்டில் கிடந்து, உன் நெஞ்சுக்குள் வைத்த பேஸ்மேக்கரோடு கம்பியில்லாமல் கதைத்த அந்த வெள்ளைச் சாமான்தான். உன்னைக் கண்டால் பச்சை எரியும். காணாவிட்டால் செம்மஞ்சள். இப்போது பால் எடுக்கப் போனாலும் செம்மஞ்சள், மீன் எடுக்கப் போனாலும் செம்மஞ்சள்.

உனக்குப் பேஸ்மேக்கர் வைத்தபோது தன்னாமுனை ஊர் முழுக்கச் செய்தி பரப்பியவன் நான். "நம்மட மருமகள் செஞ்ச சாமான். கடிக்கிற ஒரு நுளம்புட பலம் போதும், வருசக்கணக்கா ஓடும்!" உன் மகள் வெளிநாட்டில் அப்படியான சிப்புகளுக்கு மின்சாரத்தைக் குறைக்கும் வேலைதான் பார்க்கிறாள். ஆனால் உன் நெஞ்சில் இருந்தது வேறு யாரோ செய்தது என்று போனில் தலையில் அடித்துக்கொண்டாள். அதெல்லாம் சிறு விபரம். கட்டாரில் ஷேக்கின் மாளிகைக்கே விளக்குப் பூட்டியவன் நான், எனக்குத் தெரியாதா?

விடுமுறைக்கு வந்தவள் உன் கட்டிலில் உட்கார்ந்து விளங்கப்படுத்தினாள். "அது எந்நேரமும் முழிச்சிருக்காதப்பா. அரை நித்திரைதான். இடைக்கிட முழிச்சு, இதயம் தானா அடிக்குதா எண்டு பாக்கும். அடிச்சாத் திரும்பப் படுத்திரும். அடிக்காட்டித்தான் ஒரு தட்டு."

நீ சிரித்தாய். "என்னப் போலதான் மகள். வலையப் போட்டுட்டுத் தோணிக்குள்ள படுப்பன். மிதப்பு ஆடினா மட்டும் எழும்புவன். இதப் படிக்கவா அவ்வளவு தூரம் போன?"

"ஓமப்பா. உங்கட சோம்பலத்தான் அங்க டிசைன் பண்ணுறன்."

மாரியில் வந்த காய்ச்சல் உன் நுரையீரலுக்குள் இறங்கியது. அதற்குச் சிப் என்ன செய்யும்? டொக்டர் "முடிஞ்சுது" என்ற பிறகும் ஆஸ்பத்திரித் திரையில் கோடு துள்ளிக்கொண்டிருந்தது. உனக்குக் கட்டித் தந்த என் தங்கச்சி அவர் கையைப் பிடித்தாள். "இவருக்கு இன்னும் துடிக்குதே டொக்டர், பாருங்க!" அது பேஸ்மேக்கர் தட்டுவது, இதயம் பதில் சொல்லவில்லை என்று அவர் மெதுவாகச் சொன்னார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எல்லாம் தெரிந்த அண்ணன் நான்தானே.

எரிப்பதென்றால் பேஸ்மேக்கரை வெளியே எடுக்க வேண்டுமாம். எங்களில் புதைப்பதுதான் வழக்கம். அதோடேயே உன்னை வாவிக்கரை மணலில் வைத்தோம்.

எட்டாம் நாள் சடங்கு முடிந்த மறுநாள் தங்கச்சி பெட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள். "அண்ணே, கிட்டக் கொண்டு போனா அவரப் புடிக்கும்தானே? வா, கொண்டு போவம்."

மருமகளுக்கு அழைத்துக் கேட்டேன். "அந்தச் சிக்னல் கைக்கெட்டுற தூரந்தான் மாமா. மின்சாரம் மிச்சம் புடிக்கத்தான் அவ்வளவு சின்னதாச் செய்யிற. ஈரமண் அதக் குடிச்சிரும்." பிறகு குரல் உடைந்தது. "ஆனா உள்ள அது இன்னும் தட்டிக்கொண்டுதான் இருக்கும். நிக்காம ஓட வைக்கிறதுதான் என்ட வேல. இங்கயிருந்து அத நிப்பாட்ட எனக்கு வழியில்ல மாமா."

"நேரத்துக்குச் சாப்பிடு புள்ள" என்றேன்.

தங்கச்சியிடம் அதைச் சொல்லவும் முடியவில்லை. போனோம். என் ஓட்டோ பற்றரியில் இன்வேட்டர் தொடுத்து, பெட்டியை உன் மண்மேட்டில் வைத்தேன். ஒரு கணம் பச்சை எரிந்தது. கரண்ட் ஏறும்போதெல்லாம் சோதனைக்காக அப்படி எரியும். உடனே செம்மஞ்சள். தலைமாட்டில் வைத்தேன், நெஞ்சுக்கு நேரே வைத்தேன், குப்புறக் கவிழ்த்தும் வைத்தேன்.

பின்னால் நின்றவள் கேட்டாள். "பச்ச வந்திட்டா?"

ஓம் என்று ஒரு சொல் போதும் மச்சான். அது பொய்யும் இல்லை. நம் வாவியில் ஆட்டுக்குட்டி அளவு இறால் பிடித்தேன் என்று சாதித்த வாய் இது. திறக்கவில்லை. அவளே எட்டிப் பார்த்தாள். ஒட்டியிருந்த மணலைச் சேலைத் தலைப்பால் துடைத்து, பெட்டியை என் கையில் தந்தாள்.

"நீயே வச்சிரு அண்ணே. நிப்பாட்டிராத. தேடட்டும்."

தேடுகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் அது என்னவென்று கேட்கிறார்கள். எப்பேர்ப்பட்ட கதையெல்லாம் அவிழ்த்துவிடலாம்! "வைஃபை பெட்டி" என்று மட்டும் சொல்கிறேன்.

கரண்ட் போனால் மற்றவர்கள் ஏசுகிறார்கள், நான் பிரிட்ஜுக்கு முன்னால் போய் நிற்கிறேன். வந்ததும் அந்த ஒரு கணம் பச்சை எரியும். அது வெறும் சோதனை வெளிச்சம் என்று எனக்கு நன்றாகத் தெரியும் மச்சான். தெரிந்துகொண்டுதான் நிற்கிறேன்.