பெருமாளைத் தூக்கிய இடுப்பு

14-6-98, ஞாயிறு

வெயில். மத்தியானம் வரை கடற்காற்று இல்லை. கோயிலில் இந்த வாரம் என் முறை. வாங்க வேண்டியது: கற்பூரம், திரிநூல், மனைவி கோமளாவுக்குத் தலைவலித் தைலம்.

அர்ச்சனைக்கு நடுவில் மறுபடி ஒன்றுக்குப் போகவேண்டி வந்தது. போனால் கால் கழுவி, ஆசமனம் செய்து, பிறகே கர்ப்பக்கிருகம். கல்பாக்கத்திலிருந்து சேவிக்க வந்த குடும்பம் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றது. வாசலில் பூ விற்கும் முனியம்மா: "இன்னா சாமி, ஒரு அர்ச்சன முடியறதுக்குள்ள ரெண்டு வாட்டி ஓடற? சுகரு கீதான்னு பாரு."

போன வருஷமே பார்த்தாயிற்று. சுகர் இல்லை. உடம்புச் சூடு என்று மாத்திரை கொடுத்தார்கள். நாற்பத்தாறு வயசுக்காரனுக்கு வேறு என்ன இருக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை, நான் உட்பட. இப்போது முறை நாட்களில் தண்ணீர் குடிப்பதில்லை.

இடுப்பு விண்விண் என்கிறது. அப்பாவும் சித்தப்பாவும் இடுப்பு வலி என்றே படுத்துப் போனவர்கள். பெருமாளைத் தூக்கிய இடுப்பு என்று எங்கள் வீட்டில் அதைப் பெருமையாகச் சொல்வார்கள்.

3-7-98, வெள்ளி

செங்கல்பட்டு. புது டாக்டர், வயசு குறைவு. ஆசனவாயில் விரல் விட்டுப் பார்த்தார். மானம் போயிற்று. அவர் முகம் மாறியது. பி.எஸ்.ஏ. என்று ஒரு பரிசோதனை, ரத்தத்தைச் சென்னைக்கு அனுப்ப வேண்டுமாம். திரும்புகையில் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.

23-7-98, வியாழன்

சென்னை. சதை எடுத்துப் பார்த்தது, எலும்பு ஸ்கேன், எல்லாம் வந்துவிட்டன. புராஸ்டேட்டில் புற்றுநோய். முதுகெலும்பு வரை.

இந்த வயசில் அபூர்வம், ஆனால் வரும், அதனால்தான் தவறவிட்டு விடுகிறார்கள் என்றார் பெரிய டாக்டர். ஆண் சுரப்புதான் அதற்குத் தீனி. மாசாமாசம் ஆயுசு முழுக்க ஊசி, இல்லையென்றால் விரை இரண்டையும் எடுத்துவிடுவது. ஊசி நமக்குக் கட்டுப்படியாகாது. ரத்த சம்பந்தமுள்ள ஆண்பிள்ளைகள் சீக்கிரமே பரிசோதித்துக்கொள்வது நல்லது என்றும் சொன்னார். தலையாட்டினேன்.

கோமளா அழுதாள். எனக்கு வரவில்லை. ஹோட்டலில் தயிர்சாதம். புளித்திருந்தது.

25-7-98, சனி

அங்கஹீனம். உறுப்பு குறைந்தவன் மூலவரைத் தொடக்கூடாது. யாருக்கோ கேட்பதுபோல சீனுவிடம் கேட்டேன். சித்தப்பா பிள்ளை, என்னைவிட நாலு வயசு சின்னவன். ஒரு வாரம் அவன் முறை, ஒரு வாரம் என்னுடையது. எங்கள் இருவரை விட்டால் இந்தக் கோயிலுக்கு ஆளில்லை.

"தொடப்படாது. இதுல என்ன சந்தேகம்?" என்றான், சந்தனம் அரைத்தபடியே.

கோமளாவின் கட்சி வேறு. "வேட்டிக்குள்ள இருக்கறது யாருக்குத் தெரியப் போறது? நீங்க உசிரோட இருந்தாப் போறும்."

எனக்குத் தெரியுமே. பூணூல் போட்ட வருஷத்திலிருந்து அந்தத் திருமேனியைத் தொட்டு வருகிறேன். அது இல்லையென்றால் நான் என்ன ஆள்? யோசித்துக்கொண்டே தூங்கிவிட்டேன்.

12-8-98, புதன்

எடுத்தாயிற்று. சின்ன ஆபரேஷன்தான். தையல் அரிக்கிறது. இடுப்பு வலி குறைந்திருக்கிறது, அது நிஜம்.

இடுப்பில் ஆபரேஷன், குனியக்கூடாது, இனி உள்ளே வரமாட்டேன் என்று சீனுவிடம் சொன்னேன். நீயும் ரத்தம் பார் என்று சொல்ல வாயெடுத்தேன். ஏன் என்பான். முழுசும் சொல்ல வேண்டிவரும். சொல்லவில்லை.

19-9-98, சனி

புரட்டாசி முதல் சனி. புதுப்பட்டினமே இங்கே. ஜனங்களோடு வரிசையில் நின்றேன். அங்கிருந்து பெருமாளின் திருவடி தெரிவதில்லை. இத்தனை வருஷம் எனக்கு இது தெரியாது.

தீர்த்தம் கொடுத்துக்கொண்டிருந்த சீனு பாதியில் வட்டிலை வைத்துவிட்டு வெளியே ஓடினான். கால் கழுவிய ஈரத்தோடு வந்து எனக்குச் சடாரி சாத்தினான். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஓடினான்.

நடை சாத்தியதும் அவனை மடப்பள்ளிக்குப் பின்னால் இழுத்துப் போனேன். ஆறு மாசமாக இப்படித்தானாம். இடுப்பும் பிடிக்கிறதாம். எல்லாவற்றையும் சொன்னேன், என்ன வியாதி, எதை எடுத்தார்கள், எல்லாம். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"திங்கக்கிழமையே செங்கல்பட்டு போ."

"புரட்டாசி மாசம். யார் உள்ள போறது அண்ணா?"

"நான் போறேன்."

சீனு மடியிலிருந்து கோயில் சாவியை எடுத்து, என் கையில் தராமல், கல்லின் மேல் வைத்துவிட்டுப் போனான்.

21-9-98, திங்கள்

தூறல். முதல் பஸ்ஸில் சீனு போய்விட்டான். குளித்து, கதவைத் திறந்து, விளக்கேற்றினேன். திருமேனியைத் தொட்டேன்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் உள்ளே போனேன். சீனுவுக்கு அது இருக்கக்கூடாது என்பதுதான் வாயில் வந்தது.