எல்லாம் நார்மல்னு சொன்னாங்க

ஜூன் 4, 2025, புதன்

லேபில் இன்று கூட்டம். ரிப்போர்ட் கவுன்டரில் பன்னிரண்டு மணி வரை நிமிர முடியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன்.

காலையில் கீர்த்தி நூல் சுற்றும் தார்க்குச்சிகளை வாசலிலிருந்து தறி வரைக்கும் வரிசையாக அடுக்கியிருந்தாள். தெரியாமல் ஒன்றைக் காலால் நகர்த்திவிட்டேன். அரை மணி நேரம் அழுகை. தரையில் தலையை முட்டிக்கொண்டாள். மூன்று வயது மூன்று மாதம். இன்னும் 'அம்மா' இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால் என் மணிக்கட்டைப் பிடித்துக் குடத்தின் பக்கம் தள்ளுகிறாள். கரண்டியை எடுப்பது போல என் கையை எடுக்கிறாள். முகத்தைப் பார்ப்பதில்லை.

அவரிடம் சொன்னேன். தறியில் உட்கார்ந்தபடியே, "போன வருஷம் டாக்டரம்மா பார்த்து எல்லாம் நார்மல்னு சொன்னாங்களேமா. நானும் நாலு வயசுலதான் பேசினேன்" என்றார். பகலெல்லாம் குழந்தையோடு இருப்பவர் அவர். என்னைவிட அவருக்குத் தெரியும்.

நாளை அவர் நெய்த புடவையைக் கொடுக்க சொசைட்டிக்குப் போகிறார். அரை நாள் லீவு போட்டிருக்கிறேன். கீர்த்தியை நான்தான் அங்கன்வாடியில் விட வேண்டும்.

ஜூன் 5, வியாழன்

மூன்று முறை எழுதி அடித்துவிட்டேன். நாளைக்கு.

ஜூன் 6, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன்.

நேற்று அங்கன்வாடி வாசலில் வேன் நின்றிருந்தது. குழந்தைகளைப் பரிசோதிக்க வருஷத்துக்கு இரண்டு தடவை வரும் குழு. உள்ளே மேரி என்ற நர்ஸ் பெரிய நோட்டோடு உட்கார்ந்திருந்தார். கீர்த்தியின் பெயரைச் சொன்னேன். பக்கங்களைப் பின்னால் புரட்டினார்.

"இந்தப் பாப்பாவ போன வருஷமே எழுதிக் குடுத்துட்டோமேமா. பெரியாஸ்பத்திரிக்குப் போனீங்களா? அங்க இன்னா சொன்னாங்க?"

வேறு யாரோ என்று நினைத்தேன். அவர் நோட்டை என் பக்கம் திருப்பினார். 2024, ஏப்ரல். கீர்த்தி, தகப்பனார் உதயகுமார். கூப்பிட்டால் திரும்பவில்லை. முகம் பார்க்கவில்லை. பேச்சு இல்லை. மேல்பரிசோதனைக்குச் சீட்டு கொடுக்கப்பட்டது. அதற்கு எதிரே கையெழுத்து. கல்யாணப் பதிவில் நான் பக்கத்தில் நின்று பார்த்த அதே கையெழுத்து.

அந்த ஏப்ரல் நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மத்தியானம் லேபிலிருந்து போன் செய்தேன். "எல்லாம் நார்மல்னு சொன்னாங்க, நீ நிம்மதியா வேலையைப் பாரு" என்றார். அன்று சந்தோஷத்தில் லேபில் எல்லோருக்கும் பாதுஷா வாங்கிக் கொடுத்தேன். பாதுஷா.

நாளெல்லாம் ஊரார் ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துக் கொடுக்கிறவள் நான். என் பிள்ளையின் ரிப்போர்ட்டை என்னிடமிருந்து ஒளித்து வைத்திருக்கிறார்.

பதினாலு மாசம்.

ஜூன் 7, சனி

கேட்டுவிட்டேன்.

அவர் தறியை நிறுத்தினார். நிறுத்தினதும் கீர்த்தி காதைப் பொத்திக்கொண்டு கத்த ஆரம்பித்தாள். தறிச் சத்தம் நின்றால் அவளுக்குப் பொறுக்காது. அதனால் அவர் நெய்துகொண்டேதான் பதில் சொன்னார். மிதியை மிதித்து, குறுக்கு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளி, என்னைப் பார்க்காமல்.

"ஆமா. சீட்டு குடுத்தாங்க."

"எங்க அது?"

"கிழிச்சிட்டேன்."

"ஏன்?"

"காயத்ரிக்கு மாப்பிள்ளை பார்த்துக்கினு இருந்தோம். அப்பா அம்மா இல்லாத பொண்ணு. அண்ணன் கொழந்தை இப்படின்னு ஒரு வார்த்தை வெளியே போயிருந்தா எவன் வந்திருப்பான்?"

"ஊருக்குச் சொல்ல வேணாம். எங்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொன்னா நீ மறுநாளே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு ஓடியிருப்ப."

"ஓடியிருப்பேன்."

"அதான்."

அதான். அவ்வளவுதான் பதில். தங்கச்சி கல்யாணம் பிப்ரவரியிலேயே முடிந்துவிட்டது, அப்புறம் இந்த நாலு மாசம் என்ன வந்தது என்று கேட்டேன். மிதியை மிதித்துக்கொண்டே, "அப்புறம் எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியலை" என்றார்.

குடிக்கிற ஆள் இல்லை. அடிக்கிற ஆள் இல்லை. நான் வேலைக்குப் போக வேண்டும் என்று சொன்னவரே இவர்தான். குழந்தைக்கு நகம் வெட்டுவார், தலை பின்னுவார். தெருவில் எல்லோரும் எனக்குக் கொடுத்து வைத்திருக்கிறது என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

இன்னும் இருக்கிறது.

அங்கன்வாடி இந்திராணி டீச்சரிடம் போனேன். ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று சண்டை போடுகிற மாதிரிதான் கேட்டேன். பாவம், அவர் முகம் சுண்டிவிட்டது.

"உங்க வீட்டுக்காரர்கிட்ட மூணு தடவை சொன்னேன்மா. பார்த்துக்கினு இருக்கோம், மெட்ராஸ்ல காட்டறோம்னாரு. அக்டோபர்ல டீம் மறுபடி வந்தாங்க. வரச்சொல்லி முந்தின நாளே வீட்டுக்குச் சொல்லி அனுப்பினேன். உங்க நாத்தனார்தான் வந்து, கொழந்தை ஊருக்குப் போகுதுன்னாங்க."

அக்டோபர். காயத்ரி கீர்த்தியைத் தென்னேரிக்குக் கூட்டிப் போன நாள். ஏரிக்கரையில் தூக்கி வைத்துக்கொண்டு எடுத்த படம் என் போனில் இருக்கிறது. "அத்தையும் பொண்ணும் ஜாலியா இருக்கோம், நீ ரெஸ்ட் எடுடி" என்று அனுப்பியிருந்தாள். நான் இதயம் போட்டு பதில் அனுப்பியிருக்கிறேன்.

காயத்ரியை எனக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து தெரியும். ஒரே பெஞ்ச். அவள் வீட்டுக்கு நான் மருமகளாக வந்ததே அவள் சொல்லித்தான். அவள் கல்யாணத்துக்கு நகைக்கடை, தையல்காரர், பத்திரிகை என்று மூன்று மாதம் அலைந்தவள் நான். அவளுக்குத் தலையில் பூ வைத்துவிட்டவள் நான். அப்போதெல்லாம் இவளுக்குத் தெரியும். பூ வைக்கும்போது கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தாளே. அப்பவும் தெரியும்.

ஜூன் 11, புதன்

காயத்ரி வாழப்போன வாலாஜாபாத்துக்குப் போன் போட்டேன். முதலில் எடுக்கவில்லை. நாலாவது தடவை எடுத்தாள். நான் வாயைத் திறக்கும் முன்பே, "அண்ணன் சொல்லிடுச்சாடி?" என்றாள். வைத்துவிட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

பெரியாஸ்பத்திரியில் குழந்தைகளுக்கான பிரிவு. அவர் வருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். பஸ் ஸ்டாண்டு ஹாரன் சத்தத்தில் கீர்த்தி என் தோளைக் கடித்துவிட்டாள்.

டாக்டர் அவளோடு தரையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்தார். பொம்மை, பந்து, சோப்புக் குமிழி. நிறையக் கேள்விகள். நுனிக்காலில் நடப்பாளா, சுட்டிக் காட்டுவாளா, மற்ற பிள்ளைகளிடம் போவாளா. பிறகு ஆட்டிசம் என்று சொன்னார். நோய் மாதிரி மருந்து கொடுத்துப் போக்குவது இல்லை, அவள் மூளை உலகத்தை வாங்கிக்கொள்கிற விதமே வேறு, பயிற்சியில் நிறையக் கற்றுக்கொள்வாள் என்றார். வளர்த்ததில் குறை எதுவும் இல்லை என்று நான் கேட்காமலே சொன்னார். வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் வரச்சொன்னார்.

கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே போன கேள்வியைக் கேட்டுவிட்டேன். "பதினாலு மாசம் முன்னாடியே வந்திருந்தா?"

அவர் பேனாவை மூடி வைத்தார். "முன்னாடியே ஆரம்பிச்சிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும். எவ்வளவுன்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா. இப்ப வந்துட்டீங்க இல்ல."

எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு வார்த்தையா, பத்து வார்த்தையா? ஒரு 'அம்மா'வா? எனக்குத் தெரியவே போவதில்லை. மன்னிக்கிறதுன்னா எதை மன்னிக்கிறது, அளவே தெரியாம?

ஜூலை 2, புதன்

குழந்தையைப் பற்றி மட்டும் பேசுகிறோம். சாப்பிட்டாளா. தூங்கினாளா. அவ்வளவு.

ஜூலை 18, வெள்ளி

இன்று அவர் பின்னாலேயே சைக்கிளில் வந்துவிட்டார். பயிற்சி அறைக்குள் வரவில்லை. வெளியே சுவரோரம் நின்றார். பயிற்சி தரும் சுகாசினி மேடம், "அப்பாதானே பகல்ல வீட்ல இருக்காரு? அவர் கத்துக்கினாத்தான் நாள்பூரா செய்ய முடியும்" என்று அவரை உள்ளே கூப்பிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறைச்சவனுக்குக் கத்துக் குடுக்கிறாங்க. நான் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆனால் மேடம் சொன்னது சரி. அதுதான் இன்னும் எரிச்சல்.

மேடம் முன்பே எனக்குச் சொல்லித் தந்ததை வைத்து வீட்டில் அவர் தறியை நிறுத்தப் பழக்கிக்கொண்டுதான் இருக்கிறார். நிறுத்தும் முன் அவள் எதிரில் உட்கார்ந்து மூன்று விரல், இரண்டு விரல், ஒரு விரல். முதல் வாரம் தெருவே எட்டிப் பார்க்கும்படி கத்தினாள். இப்போது ஒரு விரல் வரும்போது அவளே காதைப் பொத்திக்கொண்டு காத்திருக்கிறாள். கத்துவதில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காயத்ரி வந்தாள். ஆறாம் மாதம். வயிறு தெரிகிறது. அவள் வரும்போது அவர் வீட்டில் இல்லை. அதைப் பார்த்துத்தான் வந்திருக்கிறாள்.

மன்னிப்புக் கேட்பாள் என்று நினைத்தேன். என்ன பதில் சொல்வது என்றுகூட இத்தனை நாள் யோசித்து வைத்திருந்தேன். அவள் கீர்த்தியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டாள்.

"ஜீவி, என்னுதும் இப்படி இருக்குமாடி? ஒரே ரத்தம்தானே. அங்க டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்றியா?"

இதுக்கு வந்திருக்கா. இதுக்குத்தான்.

"நீயே போய்க் கேளு" என்றேன்.

"நான் எப்படிப் போறது? அவங்க வீட்ல கீர்த்தியைப் பத்தி இன்னும் தெரியாதுடி."

அவளை வெளியே போகச் சொல்ல வாய் வரை வந்தது. வயிற்றைப் பார்த்தேன். அவள் கை வயிற்றின் மேல் இருந்தது. வந்ததிலிருந்து எடுக்கவே இல்லை. பயந்துபோயிருக்கிறாள். நிஜமாகவே.

உட்காரச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன். குடும்பத்தில் ஒரு குழந்தைக்கு இருந்தால் கொஞ்சம் கவனமாகப் பார்க்கச் சொல்வார்கள், வரும் என்றும் சொல்ல முடியாது, வராது என்றும் சொல்ல முடியாது என்று டாக்டர் எனக்குச் சொன்னதை அப்படியே சொன்னேன். பிறந்த பிறகு சிரிக்கிறதா, கூப்பிட்டால் திரும்புகிறதா என்று பார்த்துக்கொள், சந்தேகம் இருந்தால் அன்றைக்கே போ என்றேன்.

"அன்னைக்கே" என்று அவள் திருப்பிச் சொன்னாள். அப்புறம்தான் அழுதாள். நான் துடைத்துவிடவில்லை. பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று மட்டும் சொன்னேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

வியாழக்கிழமை வாலாஜாபாத்தில் வளைகாப்பு. தாய்வீட்டுச் சீர் அவர்தான் கொண்டு போக வேண்டும். காயத்ரி அண்ணனுக்குப் போன் செய்திருக்கிறாள். அவர் அதை ஒளிக்காமல் வந்து சொன்னார். அதுவே இந்த வீட்டில் புதுசு.

"கீர்த்தியை யார்கிட்டயாவது விட்டுட்டு வரச்சொல்லுது."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலை."

ஒண்ணும் சொல்லலை. இவருக்கு வரக்கூடிய ஒரே வித்தை அதுதான். நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 4, வியாழன்

நான் போகவில்லை. லேபுக்கு வந்துவிட்டேன். பத்தரை மணிக்கு அவர் போன் செய்தார். "நான் கீர்த்தியையும் கூட்டிக்கினு வந்துட்டேன்மா. வாலாஜாபாத்ல இருக்கேன்."

கவுன்டரில் நின்றவருக்கு வேறொருவர் ரிப்போர்ட்டை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

சாயங்காலம் வந்து சொன்னார். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே சீர்த்தட்டை இறக்கினாராம். காயத்ரியின் மாமியார், "பாப்பா பேர் இன்னா? பேச மாட்டாளா?" என்று கன்னத்தைத் தொட்டிருக்கிறார். கீர்த்தி கத்தியிருக்கிறாள். எல்லோரும் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். அவர் சொன்னாராம்: "இவளுக்கு ஆட்டிசம்ங்க. பேச்சு இன்னும் வரலை. பயிற்சிக்குப் போய்க்கினு இருக்கோம். உங்க வீட்டுக் கல்யாணத்துக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். நான்தான் சொல்லலை."

"அவங்க இன்னா சொன்னாங்க?"

"அந்தம்மா, மொதல்லயே சொல்லியிருக்கலாமேன்னாங்க. சத்தம் இல்லாத ரூமைக் காட்டினாங்க. அங்க கொண்டுபோய் உட்கார வெச்சேன். வளையல் போட்டாங்க. சாப்பாடு போட்டாங்க. வந்துட்டோம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

வளையல் போட்டாங்க, சாப்பாடு போட்டாங்க. எவனும் மாலையைக் கழற்றி வீசவில்லை. காயத்ரி அண்ணனோடு பேசவில்லையாம், அவ்வளவுதான். அந்தம்மாவுக்கு மனத்தாங்கல் இருக்கலாம். அது நியாயம். அவர்களையும்தான் ஏமாற்றியிருக்கிறோம்.

இந்த 'அவ்வளவுதான்'க்கா பதினாலு மாசத்தைக் கொடுத்தோம்? இதற்காகவா?

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஜூனில்கூட இப்படி அழவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

குடத்தின் பக்கம் என் கையைத் தள்ளினாள். நான் வேண்டுமென்றே அசையவில்லை. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். ஒரு நொடி.

நவம்பர் 18, செவ்வாய்

லேபில் அனுமதி வாங்கிக்கொண்டு நானும் இன்று பயிற்சிக்குப் போனேன். இப்போதெல்லாம் செவ்வாயும் வெள்ளியும் அவரே கூட்டிப் போகிறார். கீர்த்தி உள்ளே இருந்தாள். நாங்கள் வெளியே. நான் பெஞ்சில். அவர் வழக்கம்போல சுவரோரம் நின்றார்.

முசரவாக்கத்திலிருந்து ஒரு தம்பதி வந்திருந்தார்கள். சின்ன வயசு. இரண்டு வயதுப் பையன். அந்தப் பெண் பையனை மடியில் அழுத்திப் பிடித்திருந்தாள். புருஷன் கையில் சீட்டு. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஒரு தடவை காட்டிட்டுப் போயிடலாம். வீட்ல யாருக்கும் சொல்லிக்கினு இருக்காத. தம்பிக்குப் பொண்ணு பார்க்கற நேரம்" என்று அவளிடம் தணிந்த குரலில் சொன்னான். எங்கள் இருவருக்கும் கேட்டது.

நான் தரையைப் பார்த்தேன்.

அவர் சுவரை விட்டு நகர்ந்து அந்தப் புருஷனுக்கு எதிரே போய்க் குந்தினார். யாரோடும் சட்டென்று பேசாத ஆள்.

"நானும் மறைச்சேம்பா" என்றார். "இதே மாதிரி சீட்டு. தங்கச்சிக் கல்யாணம். ஊர்கிட்ட இல்லை, பெத்தவகிட்டயே மறைச்சேன். பதினாலு மாசம். தோ, அவங்கதான்."

அந்தப் பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் புருஷனும் பார்த்தான். என்ன முகம் வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

"கல்யாணம் ஆயிடுச்சு. அந்தப் பதினாலு மாசம் திரும்பி வரலை" என்றார் அவர். அந்தப் புருஷன் சீட்டை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளேயிருந்து பெயரைக் கூப்பிட்டார்கள். அந்தப் பெண்தான் முதலில் எழுந்தாள். அவன் பின்னால் போனான்.

இவர் திரும்பி வந்து மறுபடியும் சுவரோரம் நின்றார். என் பக்கம் பார்க்கவில்லை.

என் பை பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் இருந்தது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அந்த இடம் தனக்குத்தான் என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.