நேப்பிள்ஸ் தெருவில் ஒரு கூவல்

தேவி,

சுற்றுலா பஸ் நாளைக் காலை ரோமுக்குக் கிளம்புகிறது. "ஒரே குப்பையும் கூச்சலுமா இருக்கு. இந்த ஊர்ல எதுக்குண்ணே தங்குறீக?" என்று கேட்கிறார் கூட வந்த கம்பத்துக்காரர்.

பிரசாத் கடைசியாக நம்மோடு போனில் பேசியது இந்தத் தெருவிலிருந்துதான்.

போடிமெட்டில் நம் ஏலத்தோட்டத்தில், மூடுபனியில் யாராவது வழி தவறினால், தேடுகிறவர் ஒரே இடத்தில் நின்று கூவுவாரே. அப்படித்தான் இங்கே நின்று கூவினேன். ஜன்னல்களைச் சாத்திக்கொண்டார்கள்.

போலீசார் கடலில் எடுத்த ஒரு சட்டையைக் காட்டினார்கள். நீ தைத்துக் கொடுத்த பச்சைப் பொத்தான் அப்படியே இருந்தது. நம் பையனுடையது இல்லையென்று சொல்லிவிட்டேன்.

பஸ்ஸில் ஏறமாட்டேன். நான் நகர்ந்துவிட்டால் அவன் எந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு வருவான்?

அவன் அப்பா