நடுவில் தட்டிய கை

அக்காவுக்கு,

நீ வயலின் வாசித்த நிதி திரட்டும் கச்சேரிக்கு அப்பாவிடம் சொல்லாமல் வந்திருந்தேன். யாரையும் ஒதுக்காத அந்தத் தேவாலயத்தில், வண்ணக் கண்ணாடி வழியே விழுந்த வெயிலில், உங்கள் இசைக்குழுவே தண்ணீருக்கடியில் வாசிப்பதுபோல் இருந்தது.

முதல் பகுதி நின்றதும் நான் மட்டும் கைதட்டிவிட்டேன். முழுதும் முடிந்த பிறகே தட்டுவார்களாம். கூசிப்போய்த் தலை குனிந்தேன். பக்கத்திலிருந்த பெண் உடனே தானும் பலமாகத் தட்டினார்.

"தலை குனியறதுலயே தெரியுது, நீ அவ தங்கச்சிதான். எனக்கும் மொதல்ல இப்படித் தட்டித்தான் மானம் போச்சு. உங்கக்கா ஒரு வாரம் சிரிச்சா."

நம் வீட்டில் பேச்சே எடுக்கக் கூடாத உன் துணை அவர்தான் என்று அப்போது புரிந்தது.

என் பட்டமளிப்பு விழாவுக்கு நீ வந்தால் அப்பா வரமாட்டாராம். சரி, வர வேண்டாம் என்றுவிட்டேன். அவருடைய நாற்காலிக்கு அண்ணியைக் கூட்டி வா. அப்படித்தானே கூப்பிட வேண்டும்?

உன் தங்கை