கவசத்துக்குள் ஜின்சியின் குரல்

நவம்பர் 9, ஞாயிறு

இன்று நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் குழந்தைகளைச் சிரிக்க வைக்கப் போனோம். விண்வெளி வீரனின் கவசத்தை ஃபோம் பாயில் வெட்டி, சூடாக்கி வளைத்து ஒட்டியது முழுக்க நான்தான். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு எனக்கு உருப்படியாக வந்த ஒரே வேலை. போட்டுக்கொண்டு நடப்பவள் சித்தி மகள் ஜின்சி. முதுகு வாரைத் தானே பூட்ட முடியாது என்பதால் நானும் கூடப் போவேன்.

மொட்டைத் தலைச் சிறுவன் ஒருவன் அவளைக் கட்டிக்கொண்டு விடவேயில்லை. என்னைக் காட்டி, "இது ஆரு?" என்று கேட்டான்.

"எனக்க வாரு பூட்டுற ஆளாக்கும்," என்றாள் ஜின்சி. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அவள் முதுகு வாரை இன்னும் கொஞ்சம் இறுக்கினேன்.

திரும்பும்போது பஸ்ஸில், "அடுத்த ஞாயிறு எனக்குப் பரீட்சை உண்டு. நீ போடு மக்கா. முகம் தெரியாதுல்லா, பின்ன என்ன நாணம்?" என்றாள்.

முகம் தெரியாது. ஆனால் அந்தச் சிறுவனுக்கு அவள் குரல் தெரியுமே.

வீட்டில் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, "சுகமா மக்களே?" என்று அவளைப் போலவே பேசிப் பார்த்தேன்.

அடுக்களையிலிருந்து அம்மா, "ஜின்சியா? சோறு தின்னுட்டுப் போ மக்கா," என்றாள்.

அப்படியென்றால் அடுத்த வாரமும் அந்தச் சிறுவன் கட்டிக்கொள்ளப் போவது ஜின்சியைத்தான்.