எதிர்வீட்டு வாசல் விளக்கு

அன்பு மகள் லோஷினிக்கு அப்பா எழுதுவது. இங்கு நான் நலம், இரத்த அழுத்தம்கூட டாக்டரே சந்தேகப்படும் அளவுக்கு இறங்கியிருக்கிறது. மெல்பர்ன் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும்.

இந்த வீட்டை விட்டுவிட்டு உன்னோடு வந்துவிடுகிறேனா என்று தீபாவளிக்குள் சொல்லச் சொன்னாய். இங்கே சந்தோஷமாக இருக்கிறேனா என்றும் கேட்டாய், லைன் சரியில்லை என்று போனை வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. பதிலை இப்போது சொல்கிறேன். கூலாய் ஊரில் இந்த ஓய்வுக்காலக் குடியிருப்பின் விளம்பரத் தாளில் நீச்சல் குளம், நூலகம், யோகா மண்டபம் எல்லாம் போட்டிருந்தார்கள். குளத்தில் இதுவரை இறங்கியது ஓர் உடும்பு மட்டும். ஐம்பத்தெட்டு வயதில் இங்கே எல்லாருக்கும் இளையவன் நான். பக்கத்து வீட்டுச் செல்வராணி அக்கா, எழுபத்தாறு வயது, "தம்பி, அந்த பல்ப மாத்திக் குடுப்பா" என்று வேலை வாங்குகிறார். மாற்றினால் இட்லி வருகிறது, அதில் எனக்குப் புகார் இல்லை.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. இரவில் வாசல் விளக்கைப் போட்டுவிட்டுத் தூங்க வேண்டும், காலை ஏழு மணிக்குள் அணைக்க வேண்டும், அதற்குப் பிறகும் எரிந்தால் எதிர்வீட்டுக்காரர் போய்க் கதவைத் தட்ட வேண்டும். என் எதிர்வீட்டுக்காரன் யார் தெரியுமா, கனகராஜ். எனக்கு வரவேண்டிய தலைமையாசிரியர் பதவியில் உட்கார்ந்துகொண்டு, வாழ்த்தப் போன என்னிடம் "அடுத்த தடவை பாப்போம்லா" என்ற அதே ஆள். பதினோரு வருடமாக அவன் பெயரை நான் வாயால் சொன்னதில்லை, நீ அறிவாய். எட்டு மாதமாக அவன் விளக்கை நான் பார்க்கிறேன், என் விளக்கை அவன் பார்க்கிறான், பேச்சு மட்டும் கிடையாது. போன செவ்வாய் ஏழே காலுக்கும் அவன் விளக்கு எரிந்தது. எரியட்டும் என்று காப்பியை ஆற்றினேன். ஒரு வாய் குடித்திருப்பேன், கைலியோடு ஓடினேன், ஒரு காலில்தான் செருப்பு. கதவை உடைக்கிற மாதிரித் தட்டி "கனகு, கனகு" என்று நான் கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கிறது. திறந்தால், கையில் தோசைக் கரண்டியோடு நிற்கிறான். "அலமாக், ஐயோ, ஏண்டா இப்படிக் கத்துற, உயிரோடதான் இருக்கேன். நீ வருவியா மாட்டியான்னு பாக்கத்தான் விளக்க அணைக்காம விட்டேன்" என்கிறான். பின்னாலேயே வந்த செல்வராணி அக்கா அவனிடம், "நான்தான் சொன்னேன்ல, தம்பி வந்துரும்னு" என்கிறார். இந்த வயதில் இப்படியா விளையாடுவது என்று திட்டினேன், பழைய பதவி விஷயத்தையும் சேர்த்து அரை மணி நேரம் திட்டினேன். அவன் தோசையைத் திருப்பிக்கொண்டே, "அந்த நாற்காலில எனக்கு அல்சர்தாண்டா வந்துச்சு" என்றான். மன்னிக்கவில்லை, அதை அவனிடமே தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் தோசை சாப்பிட்டேன். நான்கு.

அதனால் அங்கே குடிவர மாட்டேன் அம்மா, வருத்தப்படாதே. உன் வீட்டில் எனக்கு எல்லாம் கிடைக்கும், திட்டுவதற்கு ஆள் கிடைக்காது, மாப்பிள்ளை ரொம்ப நல்லவர். டிசம்பரில் மூன்று வாரம் வந்து போகிறேன். அந்த மூன்று வாரமும் எதிர்விளக்கைத் தான் பார்த்துக்கொள்வதாகச் செல்வராணி அக்கா சொல்கிறார், ஆனால் அவருக்குக் கண்ணாடி கிடைக்கவே எட்டு மணியாகும், அதுதான் எனக்குக் கவலை.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நிறைந்து வாழ வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, இனி இங்கே காலை ஏழு மணியாக இருக்கும்போது போன் செய்யாதே. அந்த நேரம் நான் வாசலில் நிற்பேன்.

ஆசிகளுடன் உன் அப்பா,
சுகுமாறன்